ஆடு யாருடையது? பூனாச்சியும் கூளையனும்

பெருமாள்முருகனின் ‘பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை’ 2016இல் வந்தது. அதைப் பற்றி எழுதியவர்களும் பேசியவர்களும் பெரும்பாலும் இரண்டு வாசிப்புகளை வைத்திருக்கிறார்கள். வாய் கட்டப்பட்ட எழுத்தாளன் ஆட்டின் வாயால் பேசுகிறான், அதிகாரத்தைக் கேலி செய்கிறான் என்பது ஒன்று. மகளைத் தூரத்தில் கட்டிக்கொடுத்துவிட்ட ஒரு கிழவிக்கும் தாயறியாத ஒரு குட்டிக்கும் நடுவில் உண்டாகிற பாசத்தையும் இழப்பையும் சொல்லும் கதை என்பது மற்றது. இரண்டும் நியாயமான வாசிப்புகள்தாம். இரண்டாவதைப் படித்து நானும் கலங்கியிருக்கிறேன். ஆனால் கொங்குநாட்டில் ஆட்டின் பின்னால் நடந்தே தலைமுறைகளைக் கழித்த சாதியிலிருந்து வந்து இந்த நாவலைப் படிக்கிறபோது, அந்தக் கண்ணீருக்கு நடுவிலேயே ஒரு கேள்வி குறுக்கே நிற்கிறது. செத்துப்போன ஆட்டுக்காக உட்கார்ந்து அழுவதற்கு இங்கே யாருக்கு வாய்த்தது?

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாய். அசுரலோகம் என்று சொல்லப்படுகிற ஒரு மேட்டுக்காட்டு நிலத்தில் ஒரு கிழவனும் கிழவியும். எங்கிருந்தோ வந்த நெட்டை மனிதன் ஒருவன், ஒரே ஈற்றில் பிறந்த ஏழு குட்டிகளில் ஒன்று என்று சொல்லி, கையகல கறுப்புக் குட்டி ஒன்றைக் கிழவன் கையில் கொடுத்துவிட்டுப் போகிறான். கிழவி அதற்குப் பூனாச்சி என்று பேர் வைக்கிறாள். மற்ற ஆடு அண்டவிடாது, பால் குடிக்கத் தெம்பிருக்காது, காட்டுப் பூனை வேறு கண்வைக்கும். கிழவி படாதபாடு பட்டு அதைப் பிழைக்க வைக்கிறாள். வளர்ந்த பூனாச்சிக்குப் பூவன் என்கிற கிடாய்மேல் ஆசை வருகிறது. பூவன் பலியாகிப் போகிறான். வயசான கிடாய் ஒன்றோடு பூனாச்சியைச் சேர்க்கிறார்கள். ஏழு குட்டி போடுகிறாள், ஏழும் கைமாறிப் போகின்றன. பஞ்சம் வருகிறது. கடைசியில் பூனாச்சி கல்லாகிறாள். என். கல்யாண்ராமன் ஆங்கிலத்தில் கொண்டுபோன பிறகு 2018இல் ஜேசிபி பரிசுக் குறும்பட்டியலிலும், 2020இல் அமெரிக்க தேசியப் புத்தக விருதின் மொழிபெயர்ப்பு நெடும்பட்டியலிலும் இடம்பெற்றது. ஆங்கிலத் தலைப்பில் ‘கறுப்பு ஆடு’ என்று ஆனது. தமிழில் அது வெள்ளாடு. உடம்பெல்லாம் கறுப்பாய் இருந்தாலும் நம் ஊரில் அது வெள்ளாடுதான். அந்தத் தலைப்பில் இருக்கிற குறும்பு ஆங்கிலத்துக்குப் போகவில்லை.

முதலில் நாவலின் முன்னுரையில் நிற்க வேண்டியிருக்கிறது. 2010இல் வந்த ‘மாதொருபாக’னுக்கு எதிராக 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் கிளப்பப்பட்ட கலவரமும், 2015 ஜனவரியில் ‘எழுத்தாளன் செத்துவிட்டான்’ என்று அவர் அறிவிக்க நேர்ந்ததும், 2016 ஜூலை 5இல் சென்னை உயர் நீதிமன்றம் அவரை எழுதச் சொல்லித் தீர்ப்பளித்ததும் வாசகர்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு எழுதிய நாவல் இது. மனிதர்களைப் பற்றி எழுத அச்சம், தெய்வங்களைப் பற்றி என்றால் பேரச்சம், ஆகவே விலங்குகளைப் பற்றி எழுதுகிறேன் என்ற பொருளில் முன்னுரையில் சொல்கிறார். பழக்கமான விலங்குகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வருகிறார். நாயும் பூனையும் கவிதைக்குப் போய்விடுகின்றன. மாட்டையும் பன்றியையும் எழுதக்கூடாது. மிச்சம் இருப்பது ஆடு. ஆட்டால் யாருக்கும் தொந்தரவு இல்லை.

எல்லோரும் சிரித்துவிட்டுக் கடந்துபோகிற இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நிற்கலாம். எழுதக்கூடாத விலங்குகள் என்று அவர் சொல்வது நாட்டில் நடக்கிற மாட்டு அரசியலைக் குத்தத்தான். அது புரிகிறது. ஆனால் மாடும் பன்றியும் யாருடைய விலங்குகள்? செத்த மாட்டை இழுத்தவர்கள் யார், தோலை உரித்தவர்கள் யார், கறியைத் தின்றதற்காக ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர்கள் யார்? பன்றி வளர்த்ததைச் சொல்லிச் சொல்லியே யாரைப் பள்ளிக்கூடத்தில் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள்? ஆபத்தான விலங்கு எல்லாம் நம் வீட்டு விலங்காய் இருக்கிறது. ஆபத்தில்லாத விலங்கு பொது விலங்காய் இருக்கிறது. 2023இல் மாரி செல்வராஜ் ‘மாமன்ன’னில் சேலத்துப் பக்கம் பன்றி வளர்க்கிற ஒருவனைக் கதாநாயகனாக்கி, பன்றிக்குட்டியை அவன் நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வைத்தார். தியேட்டரில் பக்கத்து இருக்கைக்காரர்கள் முகத்தைச் சுளித்ததை நான் கோயமுத்தூரில் உட்கார்ந்து பார்த்தேன். அந்தப் பன்றிகளின் மேல் நாய்களை ஏவிவிடுகிற காட்சியில் எனக்குப் பின்னால் யாரோ சிரித்தார்கள். பூனாச்சி செத்துப்போகும் என்று தெரிந்தால் அதே ஆட்கள் அழுவார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

சரி, ஆடு ஆபத்தில்லாத விலங்கா? கொங்குநாட்டில் இல்லை. இதைப் பெருமாள்முருகனுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. அவரே எழுதியிருக்கிறார். 2000இல் வந்த ‘கூளமாதாரி’யை எடுத்துக்கொள்ளுங்கள். என் கணக்கில் அவருடைய ஆட்டு நாவல் அதுதான். ‘பூனாச்சி’ அதற்குப் பின்னால் வந்த இன்னொன்று.

கூளையன் சக்கிலியர் வீட்டுப் பையன். கவுண்டர் வீட்டில் அப்பன் பட்ட கடனுக்காகப் பண்ணயத்துக்கு விடப்பட்டவன். பகலெல்லாம் ஆடு மேய்க்கிறான். ராத்திரி பட்டிக் காவல். அவனோடு மேய்க்கிற மற்ற பண்ணயத்துப் பிள்ளைகள் நெடும்பன், வவுறி, செவிடி, மொண்டி. இந்தப் பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். குட்டையாய் இருந்தால் கூளை, நெட்டையாய் இருந்தால் நெடும்பன், வயிறு தள்ளியிருந்தால் வவுறி, காது கேளாவிட்டால் செவிடி, கால் விந்தினால் மொண்டி. சந்தையில் ஆட்டை அடையாளம் சொல்வதைப் போல உடம்பைச் சொல்லி வைத்த பெயர்கள். பண்ணயக்காரர் மகனுக்கு மட்டும் செல்வன் என்று பேர். ‘பூனாச்சி’யிலோ ஆடுகளுக்கு வாஞ்சையான பெயர்கள் இருக்கின்றன. கள்ளி, செம்மி, ஊத்தன் என்று கிழவி ஒவ்வொன்றையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாள். அங்கே பேரில்லாதவர்கள் கிழவனும் கிழவியும்தான். 2000க்கும் 2016க்கும் நடுவில் பேரும் பேரின்மையும் இடம் மாறியிருக்கின்றன. மனிதர்களின் பேர் போனதோடு சாதியும் போய்விட்டது.

இந்த இரண்டு நாவல்களிலும் ஆட்டுக்கும் மனிதருக்கும் உள்ள நெருக்கம் உண்மையானது. அதில் குறைசொல்ல ஒன்றுமில்லை. கூளையன் ஆடுகளோடு பேசுகிறான், சண்டை பிடிக்கிறான், அதன் சூட்டில் ஒட்டிப் படுத்துத் தூங்குகிறான். ஊரில் அவனைத் தொடலாம் என்று இருக்கிற ஒரே உயிர்க்கூட்டம் ஆடுகள்தாம். தீட்டு என்பது ஆட்டுக்குத் தெரியாது. இதை நாவல் எங்கேயும் வாய்விட்டுச் சொல்வதில்லை, காட்டிவிட்டுப் போகிறது. அவர் எழுத்தில் எனக்கு மிகவும் பிடித்த குணம் இது. ஆனால் அந்த ஆடு கூளையனுடையது அல்ல. அது பண்ணயக்காரரின் கணக்கில் இருக்கிற உருப்படி. கூளையனும் அதே கணக்கில் இருக்கிற இன்னொரு உருப்படி. ஒரு குட்டி காணாமல் போனால் கிழவிக்குத் துக்கம் வரும். கூளையனுக்கு அடி வரும், அப்பன் கடன் ஏறும். துக்கப்பட அவனுக்கு இடைவெளியே கிடைப்பதில்லை. அவன் அழுதாலும் அது ஆட்டுக்கான அழுகையா, விழப்போகிற அடிக்கான அழுகையா என்று அவனுக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. எங்கள் பக்கத்தில் அதற்குப் பிறகும் எத்தனையோ பேர் பண்ணயத்தில் இருந்தார்கள் என்பதற்கு எங்கள் வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. எங்கம்மா அவிநாசிக்குக் கிழக்கே ஒரு தோட்டத்தில் ஆடு மேய்த்தவள். கொஞ்சம் பெரிய பிள்ளை ஆனதும் ஆட்டை வாரத்துக்கு விட்டார்கள். ஆடு அவர்களுடையது, மேய்ப்பு எங்களுடையது, போடுகிற குட்டியில் பங்கு. முதல் ஈத்து அவர்களுக்கு. அடுத்ததில் இரண்டு குட்டி, அதில் ஒன்று எங்கம்மாவுக்கு என்று பேச்சு. நெற்றியில் சுட்டி விழுந்த கிடாய்க்குட்டி. அதை எட்டு மாசம் வளர்த்தினாள். நோம்பி வந்தது. ‘குட்டிய ஓட்டியா, காசு பொறகு வாங்கிக்க’ என்று ஆள் வந்து சொன்னது. ஓட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தாள். அன்றைக்குச் சாயங்காலம் கறியில் ஒரு பங்கு இலையில் கட்டிக் குடிசைக்கு வந்தது. காசு வரவேயில்லை.

நீ அழுதியாம்மா என்று கேட்டேன். ‘ஆட்டுக்கு அழுதா அடுத்த வருசம் வாரத்துக்கு உட மாட்டாங்க கண்ணு. நம்ம ஆடா அது?’ என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, ‘கறிய நாந் திங்கல’ என்று மட்டும் சொன்னாள். ‘பூனாச்சி’யைப் பற்றி வந்த அத்தனை மதிப்புரைகளையும் படித்த பிறகும் எனக்கு அந்த ‘நாந் திங்கல’தான் பெரிய துக்க இலக்கியமாகத் தெரிகிறது. சோறே குறையாய் இருந்த வீட்டில் ஒரு சின்னப்பிள்ளை ஒரு பங்கு கறியை வேண்டாம் என்று தள்ளிவைத்திருக்கிறாள். அது மட்டும்தான் அவளால் முடிந்த துக்கம் காத்தல். யாருக்கும் தெரியாமல் காத்திருக்கிறாள்.

எங்க தாத்தன் விசயம் வேற. அவர் செத்த மாடு எடுத்தவர். காங்கேயம் காளை வைத்திருந்த தோட்டங்களில் ஒரு காளை விழுந்துவிட்டால் வீடே சாவு வீடாய் இருக்கும், கவுண்டர் வாசலில் தலையில் துண்டைப் போட்டு உட்கார்ந்துவிடுவார், பொம்பளைகள் ஒப்பாரி வைப்பார்கள் என்று தாத்தன் சொல்லுவார். பொய்யழுகை இல்லை, நெசமாவே அழுவாங்க என்பார். அந்த அழுகை முடிகிற நேரத்துக்கு வளவுக்கு ஆள் வரும், ‘மாதாரி, மாட்ட இழுத்துப் போடு.’ அவர்கள் துக்கம் முடிகிற இடத்தில் எங்கள் வேலை ஆரம்பிக்கிறது. இழுப்பது, உரிப்பது, தோலைப் பதம் பண்ணுவது. அந்தத் தோலில் ஒரு பகுதி கவலைச் சாலுக்குத் தோல்வாலாய்த் தைக்கப்பட்டு அதே கிணற்றுக்குத் திரும்பிப் போகும். செத்த காளையின் தோலில் ஏறிவரும் தண்ணீரை அதன் ஜோடிக் காளை இழுத்துக்கொண்டிருக்கும். பம்ப்செட் வந்து அந்த வேலையை முடித்தது. தைத்த கைகளைப் பற்றி யாரும் நாவல் எழுதவில்லை. விவசாயிக்கும் மாட்டுக்குமான பந்தத்தைப் பற்றித் தமிழில் எத்தனை கதைகள்! அவற்றில் மாடு செத்த அத்தியாயத்துக்குப் பிறகு ஒரு அத்தியாயம் குறைகிறது என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

அந்த அத்தியாயத்தை வடக்கே ஓம்பிரகாஷ் வால்மீகி எழுதினார். 1997இல் இந்தியில் வந்த அவருடைய தன்வரலாறு ‘ஜூட்டன்’. படித்துக்கொண்டிருக்கிற பையனைக் கூப்பிட்டுச் செத்த மாட்டின் தோலை உரிக்கவும் சுமக்கவும் வைக்கிற இடம் அதில் வருகிறது. அங்கே விலங்கோடு பந்தமும் இல்லை, அதற்கான துக்கமும் இல்லை. தன் உடம்பின் மேல் தனக்கு வருகிற அருவருப்பு இருக்கிறது. அந்த அருவருப்பை உண்டாக்கியவர்கள் மேல் கோபம் இருக்கிறது. இரண்டாண்டு கழித்து, 1999இல், தென்னாப்பிரிக்க எழுத்தாளர் ஜே.எம். கூட்ஸியின் நாவலொன்று வந்தது. வேலையிலிருந்து அவமானப்பட்டு வெளியேறிய வெள்ளைப் பேராசிரியர் ஒருவர், ஒரு விலங்கு மருத்துவ நிலையத்தில் கொல்லப்படுகிற நாய்களின் சடலங்களைத் தானே சுமந்துபோய் எரியூட்டுகிறார். உலகமே அதை ஒரு மனிதனின் மீட்சி என்று படித்தது. நல்ல நாவல்தான், மறுக்கவில்லை. ஆனால் பேராசிரியர் விரும்பி எடுத்துக்கொண்டால் மீட்சி, தாத்தன் பிறப்பால் சுமந்தால் தீட்டு என்பதைச் சொல்லாமல் அந்த நாவலை நம் வகுப்பறைகளில் நடத்தக்கூடாது என்பேன். 1927 மார்ச்சில் மகாடில் கூடியவர்களிடம் அம்பேத்கர் செத்த மாட்டை இழுக்காதே, அந்தக் கறியைத் தின்னாதே என்று சொன்னார். அந்த வேலையிலிருந்து வெளியே வருவதுதான் நமக்கு மீட்சியாய் இருந்தது.

இப்படியெல்லாம் சொல்வதால் ‘பூனாச்சி’ நமக்கு உதவாத நாவல் என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம். கிழவியை விட்டுவிட்டுப் பூனாச்சியின் பக்கம் போய் நின்று படித்தால் வேறு ஒரு பிரதி கிடைக்கிறது. துக்கப்படுகிற மனுசியின் கதை அங்கே பின்னால் போய்விடுகிறது, துக்கப்படுகிற ஆடு முன்னால் வருகிறது. ஆசைப்பட்டவன் பலியாகிறான். ஆசைப்படாத கிடாய் மேலே ஏறுகிறது. பெற்றதெல்லாம் விலைக்குப் போகிறது. பால் மட்டும் வற்றக்கூடாது. பண்ணயத்துப் பெண்களின் கதையை, தோட்டங்களிலும் பின்னாளில் மில்களிலும் அவர்கள் உடம்பு பட்டதை, அவர்கள் வாயால் கேட்டிருக்கிற எனக்கு இந்தப் பக்கங்களை வெறும் ஆட்டின் கதையாகப் படிக்க முடியவில்லை. கிழவி நல்லவள்தான். பூனாச்சியைத் தன் பிள்ளையாய் வளர்த்தவள்தான். அதே கிழவிதான் குட்டிகளை விற்கிறாள். அன்பாய் இருப்பவர்களுக்கும் உடைமை இருக்கிறது, உடைமை இருக்கிற இடத்தில் அன்பு எந்த நாளும் விலையாகிவிடலாம் என்பதை நாவல் கிழவியைத் திட்டாமலே காட்டிவிடுகிறது. எங்கம்மாவின் கிடாயை ஓட்டிப்போனவர்களும் சாதாரண நாட்களில் அவளிடம் பிரியமாய் இருந்தவர்கள்தாம் என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

காது குத்துகிற அத்தியாயமும் அப்படித்தான். பிறந்த குட்டி ஒவ்வொன்றையும் அரசாங்கத்திடம் கொண்டுபோய்க் காட்டி, காதில் எண் மாட்டிக்கொள்ள வேண்டும். அதற்கு வெயிலில் நீண்ட வரிசை. குட்டி எங்கே பிறந்தது, யார் கொடுத்தார்கள், ஏன் கறுப்பாய் இருக்கிறது என்று விசாரணை. இருட்டில் கண்ணுக்குத் தெரியாது என்பதால் கறுப்பே சந்தேகத்துக்குரிய நிறம். ஆதார் எண்ணைக் கேலி செய்வதாக நகரத்து வாசகர்கள் இதை ரசித்தார்கள். சாதிச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸ் வரிசையில் நின்றவர்கள் வேறு மாதிரி ரசிக்க முடியும். அப்பன் சான்று இருக்கா, தாத்தன் சான்று இருக்கா, நீ அதே ஆளுதான்னு எப்படி நம்பறது? 2009இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்த பிறகு அந்த வரிசையின் நீளமும் கூடியது, கேள்விகளும் கூடின. அந்த ஒதுக்கீட்டின் மேல் இருந்த சந்தேகக் கத்தி 2024 ஆகஸ்ட் 1இல் உச்ச நீதிமன்றம் உட்பிரிவு செல்லும் என்று சொன்னபோதுதான் விலகியது. நாவல் எழுதப்பட்டபோது ஆசிரியர் இதை நினைத்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஆட்டின் காதில் தொங்குகிற அந்த அட்டையை நாம் நம் கையில் வைத்துப் பார்க்கிறோம், அவ்வளவுதான்.

ஆசிரியரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர் கவுண்டர் சமூகத்திலிருந்து வந்தவர். அந்த இடத்திலிருந்து கூளையனை எழுதினார். தன் மாணவர்களைச் சாதி அனுபவங்களைத் திறந்து எழுத வைத்து ‘சாதியும் நானும்’ என்ற தொகுப்பை 2013இல் கொண்டுவந்தார். இதை மதிக்காமல் விமர்சனம் எழுதுவது அறமாகாது. ஆகவேதான் ‘பூனாச்சி’யின் சாதியற்ற கிழவி எனக்கு உறுத்துகிறாள். சாதி தெரியாதவர் எழுதியிருந்தால் சாதி இல்லை என்று விட்டுவிடலாம். தெரிந்தவர் எழுதாமல் விட்டிருக்கிறார் என்றால் அந்த மௌனத்தை யார் உண்டாக்கினார்கள் என்று கேட்க வேண்டும். திருச்செங்கோட்டில் அவரை மிரட்டிய சாதி அமைப்புகள் ஒரு நாவலின் சில பக்கங்களுக்காக மட்டும் மிரட்டவில்லை. இனி சாதி பேர் சொல்லி எழுதாதே என்பதற்கான மிரட்டல் அது. மிரட்டல் எந்த அளவுக்குப் பலித்தது என்பதற்கு இந்தப் பேரில்லாத கிழவியே ஆவணம்.

அதே திருச்செங்கோட்டில், அதே 2015இல், எழுத்தாளன் செத்த அறிவிப்பு வந்து ஐந்து மாசம் கழித்து, ஜூன் 23ஆம் தேதி அர்த்தநாரீஸ்வரர் மலைக்கோயிலுக்குத் தன் தோழியோடு வந்த தலித் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ் கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் தண்டவாளத்தில் தலை துண்டிக்கப்பட்ட உடலாய்க் கிடந்தார். 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்றது. எழுத்தாளனின் சாவுக்கு உலகத்துப் பத்திரிகைகள் எல்லாம் துக்கம் காத்தன. காத்ததில் நியாயம் இருந்தது. எழுத்தாளன் உயிர்த்து வந்தான், நாவலும் கொண்டுவந்தான். தண்டவாளத்தில் கிடந்தவருக்காக அழுதவர்களைப் பற்றி இந்தப் பக்கத்திலிருந்து ஒரு நாவல் இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை. தண்டவாளம் என்றதும் 2018இல் வந்த ‘பரியேறும் பெருமா’ளின் கறுப்பி ஞாபகத்துக்கு வருகிறாள். தண்டவாளத்தில் கட்டிப்போட்டுக் கொல்லப்பட்ட அந்த நாய்க்குப் படம் ஊர்கூட்டி ஒப்பாரி வைக்கிறது. நாய் செத்ததற்கு இவ்வளவு பெரிய துக்கமா என்று சிலர் கேட்டார்கள். கறுப்பி அவர்களுடைய நாய். வாரத்துக்கு விட்ட நாய் இல்லை. அதனால் அழ முடிந்தது. அந்த அழுகையில் கறுப்பியோடு தண்டவாளத்தில் கிடந்த எல்லாருக்கும் பங்கு இருந்தது.

நாவல் முடிவுகளைப் பற்றிச் சொல்லி விட்டுவிடுகிறேன். பூனாச்சி கல்லாகிறாள். கல்லானதைக் கும்பிடுவது நமக்குப் புதிதில்லை. அநியாயமாய்ச் செத்த பெண்களை எல்லாம் கல்லாக்கிப் பொங்கல் வைத்துக் கணக்கை முடித்துக்கொண்ட ஊர் இது. அந்த முடிவு அழகாய் இருக்கிறது என்று பலர் சொன்னார்கள். அழகாய் இருப்பதுதான் எனக்குச் சங்கடம். ‘கூளமாதாரி’ கிணற்றில் முடிகிறது. தேங்காய் திருடியதற்காக அவனைக் கிணற்றுக்குள் தொங்கவிட்ட நாவல், கடைசியில் செல்வனோடு அவனைக் கிணற்றிலேயே விட்டுவிட்டு நின்றுகொள்கிறது. கும்பிட ஒன்றும் மிஞ்சுவதில்லை. அந்தப் புத்தகத்தை மூடியபோது எனக்கு ஆடுகளின் ஞாபகம்தான் வந்தது. அன்றைக்குச் சாயங்காலம் அவற்றை யார் ஓட்டிவந்து பட்டியில் அடைத்திருப்பார்கள்? வளவிலிருந்து இன்னொரு பிள்ளையைக் கூப்பிட்டுவிட்டிருப்பார்கள்.